சத்திரக்காரனுக்கு வரவேண்டிய பாக்கி



நல்ல சமாரியனின் உவமையை அறியாத பிள்ளை நம் ஞானோபதேச வகுப்பில் ஒன்றும் இராது. கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குரு ஒருவர் பார்த்து விலகிப் போனார். லேவியன் ஒருவனும் அவ்வாறே போனான். அந்நியனான சமாரியனோ நின்று, காயங்களைக் கட்டி, தன் வாகனத்தின்மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டு போனான். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாம் கவனியாமல் தாண்டிப் போகிற ஒருவன் இந்த உவமையில் உண்டு. அவன் சத்திரக்காரன்.

முதல் இரவு காயக்காரனைச் சமாரியனே கவனித்துக் கொண்டான். மறுநாள் அவன் தன் பிரயாணத்தைத் தொடர வேண்டியிருந்தது. சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டான். அதன்பின் சத்திரக்காரன் எத்தனை இரவு விழித்திருந்தான், எத்தனை முறை கட்டு மாற்றினான், ஜுர வேகத்தில் காயக்காரன் அலறியபோது யார் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று சேசுநாதர் சொல்லவில்லை. ஆனால் கொடுத்த பணத்துக்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது அதையும் தீர்ப்பதாகச் சமாரியன் வாக்குக் கொடுத்தான் என்பதை மட்டும் சொல்லாமல் விடவில்லை.

இரண்டு தெனாரியம் என்பது கூலி. மேற்செலவு என்பது வேறு. அந்த மேற்செலவைப் பற்றித்தான் இந்த வாரம் சற்று விரிவாய் எழுத நினைக்கிறேன்.

கேள்வி இதுதான். பிறருடைய நோயைச் சுமப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, அந்தச் சுமையினாலேயே மனம் நொறுங்குமானால், அது அவருடைய பலவீனமா? அல்லது அவரை அந்த வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் பத்திரமாயிருந்த நம்முடைய கடனா?

இந்தப் பகுதியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் அநேகர். நர்சுகள், லேப் வேலை பார்ப்போர், வார்டு ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என எல்லா வகையினரும் உண்டு. கொரோனா காலத்தில் ஜூஜூவாடிச் சாவடியில் தடுப்புப் போட்டு, மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதிச் சீட்டு கேட்ட நாட்களை மறந்திருக்கமாட்டீர்கள். நாம் வெளியே வராதிருக்கும்படி கட்டளை பிறந்தபோது, இவர்கள் மட்டும் உள்ளே போகும்படி கட்டளை பெற்றார்கள்.

அந்நாட்களில் நாம் அவர்களுக்கு என்ன செய்தோம்? 2020 மார்ச் 22-ந் தேதி மாலை 5 மணிக்குத் தேசமெங்கும் கை தட்டினோம். தட்டும் கரண்டியும் எடுத்துத் தெருவில் நின்று ஓசை எழுப்பினோம். அது நல்ல மனதோடு செய்யப்பட்டதுதான். அதைப் பரிகாசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அதற்குப் பின் சரியாக 28 நாள் கழிந்த ஏப்ரல் 19-ந் தேதி இரவு சென்னையில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தானே வேண்டும்?

சைமன் ஹெர்குலிஸ் என்பவர் மூளை, நரம்பு அறுவைச் சிகிச்சையில் பேர்பெற்ற வைத்தியர். வயது 55. கொரோனா கண்டு அன்று இறந்துபோனார். அவருடைய உடலை அடக்கம் செய்யக் கொண்டு போனபோது, நோய் பரவும் என்று பயந்த ஜனக்கூட்டம் ஓரிடத்தில் தடுத்தது. அங்கிருந்து அண்ணாநகர்ப் பக்கமுள்ள வேலங்காடு மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையுமாகத் தாக்கினார்கள். ஆம்புலன்சின் கண்ணாடிகள் நொறுங்கின. ஓட்டுநர்கள் ரத்தக் காயம்பட்டார்கள். மனைவியும் மகனும் கடைசியாக ஒரு பிடி மண் போட முடியாமல் அந்த இடத்தை விட்டு அகல நேர்ந்தது. அவருடைய நண்பரான வைத்தியர் பிரதீப் குமார், வார்டு ஊழியர் இருவரோடு திரும்பவும் அங்கே போய், போலீஸ் காவலில், நள்ளிரவில், தம் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த வாரமே மத்திய அரசு 1897-ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, வைத்திய ஊழியரைத் தாக்குவோருக்கு 7 வருஷம் வரை சிறை என்று அவசரச் சட்டம் பிறப்பித்தது. நம் மாநில அரசும் அடக்கத்தைத் தடுப்பது குற்றமென்று சட்டம் செய்தது. நல்லதே. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மறுநாள் காலை டியூட்டிக்குப் புறப்பட்ட ஒரு நர்சு என்ன நினைத்திருப்பாள்? தனக்குச் சாவு வருமோ என்ற பயம் அவளுக்கு முன்னமே இருந்தது. இப்போது, செத்தாலும் தன்னை மண்ணில் வைக்க இடம் தருவார்களோ என்ற பயமும் கூடச் சேர்ந்துகொண்டது. உடலைப் புதைப்பதால் நோய் பரவுவதில்லை என்று வைத்திய சாஸ்திரம் சொல்லியும், கல்லெறிந்தவர்கள் கேட்கவில்லை. கை தட்டிய ஊரும் கல்லெறிந்த ஊரும் ஒன்றே அன்றோ!

கல்லெறியாத நாமும் அவ்வளவு சுத்தமானவர்கள் அல்ல. தேசமெங்கும் வாடகைக்கிருந்த நர்சுகளையும் வைத்தியர்களையும் வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளையோடு விளையாடாதே என்று தம் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இனி, ஆஸ்பத்திரிக்குள்ளே நடந்தவற்றுக்கு வருவோம். தலை முதல் கால் வரை மூடிய பிளாஸ்டிக் அங்கியைப் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் நிற்பது என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. போட்ட பின் தண்ணீர் குடிக்க முடியாது. இயற்கைக் கடனுக்கும் போக முடியாது. வேர்வை கால் வழியே இறங்கிச் செருப்புக்குள் தேங்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் அது எப்படியிருந்திருக்கும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. டியூட்டி முடிந்தாலோ வீட்டுக்குப் போகக்கூடாது. விடுதியில் தனித்திருக்க வேண்டும். பால்குடி மறவாத பிள்ளையை டெலிபோன் கண்ணாடியில் பார்த்துக் கொண்டார்கள்.

இவை சரீரப் பாடுகள். இவற்றை இளம் வயது தாங்கும். தாங்கமுடியாதது வேறொன்று.

கொரோனா வார்டில் சாகிறவர்களின் பக்கத்தில் பெற்றோரோ பிள்ளைகளோ இருக்க அனுமதியில்லை. ஆகையால் நர்சு அல்லது ஆயா ஒருத்தியே சாகிறவனுக்கு மகளானாள், மனைவியானாள். மகனுடைய குரலைக் கேட்கும்படி டெலிபோனைக் காதண்டை பிடித்துக்கொண்டு நின்றவள் அவளே. மூச்சு நின்ற பின் அந்த டெலிபோனில் பேசவேண்டியவளும் அவளே. ஒரு டியூட்டியில் ஒரு தடவை என்றால் மனிதர் தாங்குவர். 2021 மே மாதத்தில், சென்னை அரசு பொது ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையாய்க் காத்து நின்ற அந்த நாட்களில், ஒரு டியூட்டியில் எத்தனை தடவை!

அப்போது ஒரு கட்டில் காலியாகும். அதற்குக் காத்திருப்பவர் பலர் இருப்பர். பிராணவாயு இவ்வளவுதான் இருக்கிறது. மூச்சுத் திணறுகிறவர் அதற்கு மேல் இருப்பர். இவருக்குக் கொடு, அவர் பொறுக்கட்டும் என்று யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அத்தீர்மானத்தை யாரோ ஒருத்தி கையால் நிறைவேற்ற வேண்டும். இதனால் உண்டாகும் காயத்தை வெறும் பயம் என்றோ அலுப்பு என்றோ சொல்ல முடியாது. அது மனச்சாட்சியில் பட்ட காயம். செய்யவேண்டியது இன்னதென்று நன்றாய்த் தெரிந்தும், செய்யமுடியாதபடி கை கட்டப்பட்டவர்களுக்கு உண்டாகிற காயம்.

ஞானநூலில் நாங்கள் குருமடத்தில் படித்த ஒரு நியாயம் உண்டு: ஒருவனால் முடியாத காரியத்துக்கு அவன் கடமைப்பட்டவனல்ல. இல்லாத பிராணவாயுவைக் கொடுக்காதது பாவமாகாது. பாவத்துக்கு அறிவும் சம்மதமும் வேண்டும். இங்கே சம்மதம் ஏது? இந்த நியாயம் மாசற்றது. ஆனால் இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். “சரி, சுவாமி” என்பாள், அன்றிரவும் தூங்கமாட்டாள். புத்தி ஒப்புக்கொண்டதை நெஞ்சு ஒப்புக்கொள்ள நாளாகிறது. பாவமில்லாததைப் பாவமென்று சுமந்துகொண்டு, மன்னிப்புக் கேட்டும் தீராமல், இதை யாரிடம் கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் திரிகிறவர்கள் உண்டு. பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி நான் பேசுவதற்கில்லை. ஆனால் இது பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியிலும் எவருடைய கண்ணுக்கும் தெரிகிற விஷயந்தான்.

இவ்விடத்தில் சிலர் ஆட்சேபிப்பார்கள். “சம்பளம் வாங்குகிறார்கள் அல்லவா? தெரிந்துதானே இந்த வேலைக்கு வந்தார்கள்?” என்பார்கள்.

இதற்குப் பதிலை நம் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளே சொல்லும். சிப்காட்டில் வேலை செய்கிற ஒருவனுடைய விரல் பிரஸ் இயந்திரத்தில் அகப்பட்டுப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்குகிறாயே என்று யாராவது அவனுக்குச் சொல்கிறார்களா? 1923-ஆம் வருஷத்திலேயே நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது, 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. வேலையிலே பட்ட காயத்துக்கு வேலை கொடுத்தவனே பொறுப்பு என்பதை இந்தத் தேசம் ஒப்புக்கொண்டு வெகு காலமாகிறது. கூலி என்பது உழைப்புக்கு விலை. விரலுக்கு விலை அல்ல. அதுபோலவே நர்சின் சம்பளம் அவள் உழைப்புக்கு விலை. அவளுடைய தூக்கத்துக்கும் மனச் சமாதானத்துக்கும் விலை அல்ல. விரல் போனவனைப் பார்த்து, உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் விரல் போயிற்று என்று சொல்லுகிறவன் பைத்தியக்காரன். மனம் உடைந்தவளைப் பார்த்து மட்டும் அப்படிச் சொல்லுகிறோம்.

அரசாங்கமும் இவ்வித்தியாசத்தைச் செய்தது. 2020-ல் கொரோனா பணியில் இறக்கும் சுகாதார ஊழியரின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் என்று மத்திய அரசு திட்டம் வகுத்தது. நியாயமான காரியம். ஆனால் சாகாமல் உயிரோடிருந்து, இரவில் வென்டிலேட்டர் மணி காதில் அடிக்கத் திடுக்கிட்டு எழுகிறவளுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. இன்னும் கேளுங்கள். நம் மாநிலத்தில் கொரோனா காலத்து அவசரத்துக்காகத் தற்காலிகமாய் நியமிக்கப்பட்ட நர்சுகளில் சுமார் 2,400 பேருக்கு 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வேலை முடிந்தது என்று உத்தரவு வந்தது. வேறு வழியில் வேலை தருவதாகப் பிற்பாடு அரசாங்கம் சொல்லிற்று. அவர்களோ தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். நிர்வாகச் சட்டங்களில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வக்கீல் அல்ல. ஆயினும் திரும்பி வரும்போது பாக்கியைத் தீர்ப்பதாகச் சொன்ன சமாரியன், திரும்பி வந்து சத்திரக்காரனிடமே சத்திரத்தைக் காலி செய்யச் சொன்னது போலல்லவா அது அவர்கள் காதில் விழுந்திருக்கும்!

இரண்டாவது ஆட்சேபம் பக்தியுள்ளவர்களிடமிருந்து வரும். இது இன்னும் கடினமானது. “அர்ச்சியசிஷ்டவர்கள் கொள்ளைநோயாளிகளுக்குச் சந்தோஷமாய் ஊழியம் செய்யவில்லையா? விசுவாசம் இருந்தால் மனச்சோர்வு வருமா?” என்பார்கள்.

அர்ச். ஞானப்பிரகாசியார் 1591-ல் ரோமாபுரியில் கொள்ளைநோயாளிகளுக்குத் தொண்டு செய்து, அதே நோய் கண்டு, 23 வயதிலே மரித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் சரித்திரத்தில் பிரசங்கங்களில் அதிகம் சொல்லப்படாத ஒரு பகுதி உண்டு. அவருடைய தேகம் மெலிந்தது கண்ட மேலதிகாரிகள், இனித் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகலாகாது என்று அவரைத் தடுத்தார்கள். தொற்றுநோயாளிகளைச் சேர்க்காத வேறோர் ஆஸ்பத்திரிக்குத்தான் பிற்பாடு அனுமதி கொடுத்தார்கள். அதாவது, தன்னைக் கொடுக்கத் துடிப்பவரைக் கொஞ்சம் கட்டிப் பிடிப்பது மேலதிகாரியின் கடமை என்பதை அந்தக் காலத்துச் சேசுசபையாரே அறிந்திருந்தார்கள். அர்ச். கமில்லுஸ் தம் சபையாருக்கு உயிருக்கு மோசம் வந்தாலும் நோயாளியை விடுவதில்லை என்னும் வார்த்தைப்பாட்டை ஏற்படுத்தினார். அதுவும் மெய். ஆனால் அது மனதாரக் கொடுத்த வார்த்தைப்பாடு. மாதச் சம்பளத்துக்கு, மூன்று பேர் வேலையை ஒருத்தியாய்ச் செய்கிற நம் வீட்டுப் பெண் அப்படியொரு வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. அவள் கொடுக்காத வார்த்தைப்பாட்டை அவளிடம் வசூலிக்க நமக்கு என்ன உரிமை?

“வெள்ளை உடைத் தேவதைகள்”, “வீராங்கனைகள்” என்று பத்திரிகைகள் எழுதின. இந்தப் புகழ்ச்சியில் ஒரு கண்ணி இருக்கிறது. தேவதைக்குப் பசிக்காது, வீராங்கனை அழக்கூடாது. அழுதால் பட்டம் பறிபோகும். ஆகவே பட்டம் பெற்றவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள்.

எலியாஸ் தீர்க்கதரிசியைப் பாருங்கள். கார்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் செய்தவர், மறுபடி வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினார். சர்வேசுரன் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்க விட்டார். சம்மனசு வந்து எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தது. மறுபடியும் தூங்கினார். மறுபடியும் அப்பம் கொடுத்தது. புத்திமதியெல்லாம் அதற்குப் பிறகு வெகு நாள் கழித்துத்தான். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தம்முடைய பெரிய நூலில், துக்கத்துக்கு மருந்து எவை என்று வரிசையாய் ஆராய்கிறார். அவர் சொல்பவை: மனதுக்குப் பிடித்த ஏதேனும் ஓர் இன்பம், கண்ணீர், கூட இருந்து துக்கப்படும் சிநேகிதர், சத்தியத்தைத் தியானித்தல், இவற்றோடு தூக்கமும் ஸ்நானமும். ஆம், ஸ்நானமேதான், வெந்நீர்க் குளியல். குருமடத்தில் இதைப் படித்தபோது நாங்கள் சிரித்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சந்நியாசிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போனதே என்று இப்போது தோன்றுகிறது.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லா மனக்காயமும் தூக்கத்தாலும் சாப்பாட்டாலும் தீர்ந்துவிடாது. நியூயார்க் பட்டணத்தில் லோர்னா பிரீன் என்னும் பெண் வைத்தியர் இருந்தார். அவசரச் சிகிச்சைப் பிரிவின் தலைவர். நோயாளிகளிடமிருந்து தமக்கே கொரோனா தொற்றி, குணமாகி, மறுபடி வேலைக்குப் போனார். முன்பு மனநோய் எதுவும் இல்லாதவர். 2020 ஏப்ரல் 26-ந் தேதி தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டார். மனச் சிகிச்சை பெற்றதாகத் தெரிந்தால் வைத்தியத் தொழிலே போய்விடும் என்று அவர் பயந்தார் என அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். அவர் பெயரால் அமெரிக்காவில் 2022 மார்ச்சில் ஒரு சட்டமே வந்தது. இப்படி இறந்தவர்களைப் பற்றிப் பழைய நாளில் நம்மவர் பேசிய கடுமையான பேச்சு இனி வேண்டாம். கடுமையான மனவேதனையும் பயமும் பொறுப்பைக் குறைக்கும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே போதிக்கிறது. நம் தேசத்துச் சட்டமும் 2018 முதல், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடிக்கு உட்பட்டவராகவே கருதுகிறது.

அமெரிக்காவில் தொழில் போய்விடும் என்று பயம். இங்கே கலியாணம் நின்றுவிடும் என்று பயம். “நிம்ஹான்சுக்குப் போ” என்பது நம் பக்கத்தில் ஒரு வசவு. ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற ரஸ்தாவிலேயே இருக்கிற அந்த ஸ்தாபனம், 1974-ல் இன்றைய உருவம் பெற்று, இந்தத் தேசத்திலேயே மனநோய்க்குத் தலைசிறந்த வைத்தியம் செய்கிறது. வெளிமாநிலத்தார் ரயிலேறி அங்கே வருகிறார்கள். பக்கத்தில் இருக்கிற நாமோ அதன் பெயரைத் திட்டுவதற்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். கால் முறிந்தால் ஊரறிய மாவுக்கட்டுப் போடுகிறோம். மனம் முறிந்தால், வரன் வரும் வரையில் யாருக்கும் தெரியவேண்டாம் என்று பெற்ற தாயே வாயைப் பொத்துகிறாள். வரன் வந்தபின்? அப்போதும் தெரியக்கூடாது. பிறகு சாகும் வரையில் தெரியக்கூடாது. இந்த மறைப்பு எந்தப் பெண்ணை வாழ வைத்திருக்கிறது என்று எனக்கு யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

“கொரோனாதான் போய்விட்டதே, சுவாமி, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?” என்று கேட்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ந் தேதி அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது மெய்தான். ஆனால் யுத்தத்தில் நிற்கும்போது காயம் வலிப்பதில்லை. பாசறைக்குத் திரும்பிய பின்தான் வலிக்கும். அந்நாட்களில் அழ நேரமில்லாதிருந்தவர்கள் இப்போது அழுகிறார்கள். ஏன் அழுகிறோம் என்று அவர்களுக்கே புரிவதில்லை. சிடுசிடுப்பு, தூக்கமின்மை, பிள்ளைகள்மேல் காரணமில்லாத கோபம், வேலையிலும் ஜெபத்திலும் மனம் ஒட்டாமை என்று அது பல வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்தது. 2020-ல் இது வந்தது. இன்னொன்று வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்தால் உள்ளே போகிறவர்கள் மறுபடி இவர்களேதான்.

ஆகையால் குடும்பத்தாருக்குச் சில காரியங்கள். இரவு டியூட்டி முடிந்து வருகிற மகளிடமோ மருமகளிடமோ வந்தவுடன் அடுப்பங்கரையைக் காட்டவேண்டாம். வெந்நீர் போட்டு வையுங்கள். சாப்பாடு போடுங்கள். பகலில் அவள் தூங்கும் நேரத்தில் வீட்டில் டெலிவிஷன் சத்தம் வேண்டாம். பகலில் தூங்குகிறாள் என்று அண்டை வீட்டாரிடம் குறை சொல்லவும் வேண்டாம். அவளாகப் பேசினால் கேளுங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று கதை கேட்கிறவர்களைப் போலத் துருவாதீர்கள். ஜெபமாலை சொல்லு, சரியாய்ப் போகும் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஜெபமாலையை நீங்கள் சொல்லுங்கள், அவள் படுத்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று வாரமாகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்று வாய்விட்டுச் சொல்கிறாள் என்றால், அன்றே வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். 14416 என்னும் எண்ணுக்கு எந்த நேரமும் செலவில்லாமல் டெலிபோன் செய்து தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் முதல் மத்திய அரசு நடத்துகிற ஏற்பாடு இது. கோவில் வாசல் பலகையிலும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு மாலைப் பூசை ஆஸ்பத்திரி வேலை செய்கிறவர்களை உத்தேசித்தும் வைக்கப்பட்டிருக்கிறது. காலைப் பூசையில் காணோமே என்று அவர்களை யாரும் வழியில் நிறுத்திக் கேட்கவேண்டாம்.